ஆளில்லா மலைச்சாலையில் சஸ்பென்ஷன் உடைந்தால்: மணாலி–லே வழியில் வண்டியை மீட்கும் முறை

மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில், கேலாங்குக்கு ஏழெட்டு கிலோமீட்டர் முன்பாகத் தாண்டி என்றோர் ஊர் இருக்கிறது. அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அந்த ஊரின் பங்க்கில் வைத்திருந்த பலகையின் முன் நின்று படமெடுத்துக்கொள்ளாத பயணிகள் குறைவு. தமிழ்க் காதுக்கு அந்த ஊரின் பெயரே, இதைத் தாண்டினால் இனி உன் பாடு என்று சொல்வதைப்போலக் கேட்கும். எரிபொருளுக்குச் சொன்ன கணக்கு மெக்கானிக்குக்கும் ஏறக்குறையப் பொருந்தும். பாரலாச்சா லா, நக்கீ லா, லாச்சுலுங் லா, 5,328 மீட்டர் உயரத்திலுள்ள தங்லங் லா என நான்கு கணவாய்களைக் கடந்து, இந்தச் சாலை சிந்து நதிக்கரையிலுள்ள உப்ஷிக்கு இறங்கும் வரை, வண்டியின் அடியில் ஏதேனும் முறிந்தால் உங்கள் கருவிப்பெட்டியும் அவ்வழியே வரும் லாரி ஓட்டுநர்களும்தான் உங்களுக்குப் பட்டறை.

நான் மெக்கானிக் அல்லன். லாச்சுலுங் லாவிலிருந்து பாங் என்ற கூடார முகாமை நோக்கி இறங்கும்போது எங்கள் பிக்கப்பின் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கின் (எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங்) சென்டர் போல்ட் முறிந்து, அதைச் சாலையோரத்திலேயே மாற்றிக்கொண்டு லே போய்ச் சேர்ந்தவன். அன்று கற்றதையும், அதன் பிறகு பட்டறைகளில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசைப்படுத்துகிறேன். இடம் லடாக் சாலை என்றாலும், வேலை எந்த ஆளில்லாச் சாலைக்கும் ஒன்றுதான்.

உடைந்த பாகம் என்ன வேலை செய்துகொண்டிருந்தது?

சஸ்பென்ஷன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் நடக்கின்றன. ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங்கின் குதிப்பை அடக்குகிறது. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்ம், அதன் நுனியிலுள்ள உருண்டை மூட்டான பால் ஜாயின்ட், ரப்பர் புஷ் முதலியவை சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைக்கின்றன. எடை தாங்குவது போனால் வண்டி தாழ்ந்துவிடும், ஆனால் ஊர்ந்து செல்லலாம். குதிப்பை அடக்குவது போனால் வண்டி படகுபோல ஆடும், மெதுவாகப் போனால் அதுவும் சமாளிக்கக்கூடியதே. சக்கரத்தைப் பிடித்து வைப்பது போனால் மட்டும் ஓர் அடிகூட நகரக் கூடாது. ஆகவே, போகலாமா கூடாதா என்ற கேள்விக்கு விடை, உடைந்த பாகம் பெரியதா சிறியதா என்பதில் இல்லை. கை கனமுள்ள ஷாக் கழன்று தொங்கினாலும் போய்விடலாம். எலுமிச்சை அளவுள்ள பால் ஜாயின்ட் கழன்றால், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும் சாலையில் சக்கரம் மடங்கிக்கொள்ளும்.

இந்தப் பிரிவினையில் இரண்டு விலக்குகளை நினைவில் வைக்க வேண்டும். பெரும்பாலான கார்களின் முன்பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரட், ஷாக்கின் வேலையோடு சக்கரத்தைப் பிடித்து வைக்கும் வேலையையும் சேர்த்துச் செய்கிறது என்பதால் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்ட இயலாது. அதேபோல், லாரிக்காரர்கள் பட்டை என்று சொல்லும் லீஃப் ஸ்பிரிங், எடையைத் தாங்குவதோடு பின்சக்கரங்களின் அச்சான ஆக்சிலையும் இடத்தில் நிறுத்தி வைக்கிறது. பட்டையில் எந்தத் துண்டு முறிந்தது என்று பார்க்காமல் அடுத்த அடி எடுத்து வைக்கக் கூடாது என்று சொல்வது அதனால்தான்.

முதலில் நிற்கும் இடம்

திடீரென்று ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தம், அதன் பிறகு பிரேக் அழுத்தும்போதெல்லாம் தட்டும் ஒலி, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தல், ஒரு மூலை தாழ்ந்து நிற்றல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே வேகத்தைக் குறைத்து, வளைவுக்கு அப்பாலோ இப்பாலோ, மேலிருந்தும் கீழிருந்தும் வரும் லாரிக்காரர் தொலைவிலேயே பார்க்கக்கூடிய இடத்தில் நிறுத்த வேண்டும். மேலே தளர்ந்த கற்கள் தொங்கும் சரிவின் அடியில் நிற்கக் கூடாது. இந்தச் சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகள், பகல் ஏறப் பனி உருகிப் பிற்பகலில் பெருகுபவை. காலையில் கணுக்கால் அளவு நீர் இருந்த ஓடை மாலையில் முழங்காலைத் தாண்டும் என்பதால், ஓடைக்கு நடுவில் உடைந்தால் சேதம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று வண்டியைக் கரையேற்றிவிட வேண்டும். எதையும் கட்டாமலே நகர்த்துவதற்கு, ‘ஓர் அடிகூட நகரக் கூடாது’ என்ற விதிக்கு நான் ஒப்புக்கொள்ளும் விலக்கு இது ஒன்றுதான்.

வண்டி நின்றதும் ஜாக்கியைத் தேடுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். பாங் ஏறக்குறைய 4,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் பாதியைச் சற்றே தாண்டும். சமவெளியில் அரை மணி நேரத்தில் முடியும் வேலை இங்கே இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஒருவர் போல்ட்டை முறுக்கினால் மற்றவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நாலு முறுக்குக்கு ஒரு முறை ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். யாருக்காவது கடுமையான தலைவலியும் வாந்தியும் தள்ளாட்டமும் இருந்தால், வண்டியை விட்டுவிட்டு, வருகிற முதல் வாகனத்தில் அவரைத் தாழ்ந்த இடத்துக்கு அனுப்புவதே அன்றைய முதல் பழுதுபார்ப்பு.

கண்ணாலும் கையாலும் கண்டுபிடித்தல்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் மட்கார்டு விளிம்புக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கைவிரலால் அளந்து பாருங்கள். மேல்கீழ் இடைவெளி ஒரு மூலையில் மட்டும் குறைந்திருந்தால் ஸ்பிரிங் போயிருக்கிறது. முன்பின் இடைவெளி மாறியிருந்தால் ஆக்சில் நகர்ந்திருக்கிறது. எங்கள் வண்டியில் வலது பின்சக்கரத்துக்கு முன்னால் என் உள்ளங்கை முழுதாக நுழைந்தது. இடது பக்கம் மூன்று விரல்கள் நுழையவே நெருக்கமாக இருந்தது. நடந்து பின்னால் போய் நாங்கள் வந்த புழுதித் தடத்தைப் பார்த்தபோது, கடைசி வளைவு வரை ஒன்றாக இருந்த தடம் அதன் பிறகு இரண்டாகப் பிரிந்திருந்தது. முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகவில்லை. வண்டி நண்டுபோலச் சாய்ந்து நடந்திருக்கிறது. அடியில் படுத்துப் பார்ப்பதற்கு முன்பே, போல்ட் முறிந்ததைப் புழுதியே சொல்லிவிட்டது.

ஷாக் போயிற்றா என்று பார்க்க எளிய வழி, கரடுமுரடான பாதையில் ஓட்டி நிறுத்தியவுடன் நான்கு ஷாக்குகளின் உடலையும் புறங்கையால் அருகில் கொண்டுபோய் உணர்வதாகும். வேலை செய்த ஷாக் சூடாக இருக்கும். மூன்று சூடாகவும் ஒன்று மட்டும் குளிர்ந்தும் இருந்தால் அந்தக் குளிர்ந்ததுதான் செத்தது. உள்ளங்கையால் பிடித்துப் பார்க்க வேண்டாம், தோல் வெந்துவிடும். எண்ணெய் வழிந்து அதன் மேல் புழுதி சேறாக ஒட்டியிருப்பதும் இன்னோர் அடையாளம்.

பால் ஜாயின்ட்டில் சந்தேகம் இருந்தால் அந்தச் சக்கரத்தைத் தரையிலிருந்து சற்றே தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் டார்ச்சோடு ஆர்மின் நுனியைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி அது ஆடினால் பயணம் அந்த இடத்தோடு நின்றது. கம்பியாலும் சங்கிலியாலும் அதைக் கட்டிவிட்டு ஓட்டிய கதைகளை நானும் கேட்டிருக்கிறேன். சாலையிலிருந்து ஓரத்துக்கு நகர்த்த அது உதவலாம். கணவாய் இறங்க உதவாது.

ஷாக்கும் காயில் ஸ்பிரிங்கும்

ஷாக்கின் மேல் அல்லது கீழ்ப் பிடி முறிந்திருந்தால் இரண்டு ஸ்பேனர்களைக் கொண்டு அதை முழுவதுமாகக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிடுவது நல்லது. தொங்கவிட்டால் பிரேக் ஹோஸையோ (பிரேக் எண்ணெய் செல்லும் குழாய்) டயரையோ குத்தும். ஆனால் பின்பக்கம் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டிகளில், சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதை ஷாக்கே கட்டுப்படுத்துவதுண்டு. அதைக் கழற்றிவிட்டுப் பெரிய குழியில் இறக்கினால் ஸ்பிரிங்கே இடத்தைவிட்டு வெளியே விழக்கூடும்; பிரேக் ஹோஸும் இழுபடும். அப்படிப்பட்ட வண்டியில், ஷாக் இருந்த நீளத்துக்கு ஆக்சிலையும் வண்டியின் அடிச்சட்டமான சேஸியையும் பட்டாக்கயிற்றால் இணைத்துக் கட்டிவிட்டுப் புறப்படுங்கள்.

காயில் ஸ்பிரிங் முறிவது பெரும்பாலும் அடிச்சுற்றில்தான். வண்டி ஒன்றிரண்டு விரல் தாழும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது முறிந்த கூர்முனை டயரை நோக்கித் திரும்பியிருக்கிறதா என்பதை. ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்றால் மெதுவாகப் போகலாம். ஸ்பிரிங்கைக் கழற்ற முயலக் கூடாது. அமுங்கியிருக்கும் காயில் ஸ்பிரிங் தன்னுள் வைத்திருக்கும் விசை, அதற்கான கருவி இல்லாமல் நட்டைக் கழற்றியவரின் தாடையை உடைக்கப் போதுமானது. வளைவில் வண்டி அதிகம் சாயாமல் காக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் முறிந்தால் கட்டி வைத்துவிட்டு வளைவுகளில் நிதானமாகத் திரும்பினால் போதும். அதற்காக யாரும் ஒரு பகலை வீணாக்க வேண்டாம்.

பட்டை: எது முறிந்தது, எங்கே முறிந்தது

இந்தச் சாலைக்கு வரும் பிக்கப்புகளிலும் பல ஜீப்புகளிலும் பின்பக்கம் பட்டைதான். மேல் பட்டைக்குக் கீழே அடுக்கியிருக்கும் துணைப் பட்டைகளில் ஒன்று முறிந்தால், முறிந்த துண்டு நழுவி விழாதபடி அடுக்கோடு சேர்த்து இறுகக் கட்டிவிட்டு, சுமையைக் குறைத்துக்கொண்டு போகலாம். இரண்டு முனைகளிலும் வளையமாகச் சுருட்டிய கண் வைத்த மெயின் பட்டை முறிந்தால்தான் இடத்தைக் கவனிக்க வேண்டும். ஆக்சிலுக்குப் பின்னால், பட்டையின் பின்முனையைச் சேஸியோடு இணைக்கும் ஷேக்கிள் இருக்கும் பக்கத்தில் முறிந்தால், ஆக்சில் இன்னும் முன்கண்ணால் பிடிக்கப்பட்டிருக்கிறது. போனது எடை தாங்கும் வேலை மட்டும். ஆக்சிலுக்கும் அதற்கு மேலே சேஸியிலுள்ள முட்டு ரப்பரான பம்ப் ஸ்டாப்புக்கும் இடையே ஒரு மரக்கட்டையை வைத்து இறுகக் கட்டிவிட்டால் ஊர்ந்து போகலாம். ஆக்சிலுக்கு முன்னால் முறிந்தால் அந்தப் பக்கத்து ஆக்சிலைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. பிரேக் அழுத்தும்போது அது பின்னுக்குப் போய், இன்ஜினின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் பிரேக் ஹோஸையும் இழுக்கும். இரண்டாம் பட்டையின் நுனி மெயின் பட்டையின் கண்ணைச் சுற்றி வளைந்திருக்கும்படி அமைத்த வண்டிகளில் அந்த வளைவு கொஞ்சம் தாங்கும். இல்லையென்றால் ஆக்சிலிலிருந்து முன்னாலுள்ள ஸ்பிரிங் பிராக்கெட்டுக்குச் சங்கிலியோ ராட்செட் பட்டாவோ போட்டு இறுக்கி, மரக்கட்டையும் வைத்து, அருகிலுள்ள முகாம் வரை மட்டும் நடை வேகத்தில் நகர்த்தலாம்.

மரக்கட்டை என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். ஜிஸ்பா வரை வில்லோவும் பாப்ளரும் கண்ணில் படும். தார்ச்சாவைத் தாண்டி மேலே ஏறிவிட்டால் பல்குத்தும் குச்சிக்குக்கூட மரம் கிடையாது. ஆகவே ஒரு சாண் நீளமுள்ள கெட்டியான கட்டைகள் இரண்டு, ஊரிலிருந்தே வண்டியில் இருக்க வேண்டும். மணலில் ஜாக்கி புதையாமல் இருக்கவும் அவையே அடிப்பலகை.

இனி சென்டர் போல்ட். பட்டைகள் அனைத்தையும் துளைத்து ஒன்றாகப் பிடிக்கும் போல்ட் இது. இதன் தலை ஆக்சிலின் மேலுள்ள துளைக்குள் உட்கார்ந்து, ஆக்சில் முன்னும் பின்னும் நழுவாமல் காக்கிறது. ஆனால் பட்டையையும் ஆக்சிலையும் உண்மையில் நெருக்கிப் பிடிப்பவை இருபுறமுமுள்ள யூ போல்ட்டுகள். அவை தளர்ந்தால் முழு இழுப்பும் விரல் கனமுள்ள சென்டர் போல்ட்டின் மேல் விழும், அது முறியும். எங்களுக்கு நேர்ந்ததும் அதுவே: புறப்படுவதற்கு முன் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தோம், புதிதாகப் போட்ட யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் முறுக்க வேண்டும் என்று பட்டறைக்காரர் சொல்லியனுப்பியதை நாங்கள் மறந்தோம்.

மாற்றும் முறை கடினமல்ல, ஆனால் பொறுமை வேண்டும். பின்சக்கரத்தைத் தூக்கும்போது கைபிரேக்கை நம்ப இயலாது என்பதால், முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வைத்து, முதல் கியரில் நிறுத்துங்கள். பட்டையின் முன்பிராக்கெட்டை ஒட்டிய சேஸியின் கீழ் ஒரு ஜாக்கியை வைத்து, பட்டையின் மேல் எடை இல்லாத வரை உயர்த்தி, ஆக்சிலின் கீழ் இரண்டாவது ஜாக்கியை வைத்துத் தாங்குங்கள். ஸ்டெப்னியைப் படுக்கவைத்துச் சேஸிக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஜாக்கி சாய்ந்தாலும் உங்கள் மார்புக்கு முன் வண்டியைத் தாங்குவது அதுதான். கற்களை அடுக்கி அந்த வேலைக்கு வைக்காதீர்கள், அவை பொடிந்து சரியும்.

யூ போல்ட் நட்டுகளின் மேல் டீசல் விட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் தளர்த்துங்கள். அவற்றைக் கழற்றுவதற்கு முன், அடுக்கின் இருபுறமும் ஜி கிளாம்ப் (திருகி இறுக்கும் பிடி) போட்டு இறுக்க வேண்டும். சென்டர் போல்ட் இல்லாத பட்டைகள், விட்டால் விரிந்து எகிறத் துடிப்பவை. முறிந்த துண்டைத் தட்டி வெளியேற்றி, புதிய போல்ட்டை அதன் தலை ஆக்சிலைப் பார்த்திருக்கும்படி நுழைத்து முறுக்குங்கள். பிறகு ஆக்சிலைக் கடப்பாரையால் முன்னோ பின்னோ நெம்பி, போல்ட் தலையும் ஆக்சில் துளையும் நேருக்கு நேர் வரும்போது ஜாக்கியால் மெல்ல இணைக்க வேண்டும். எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது இந்த ஓர் அசைவுதான். தலை துளைக்குள் விழும்போது ‘க்ளக்’ என்று கேட்ட சத்தத்துக்கு மூன்று பேரும் கைதட்டினோம். கடைசியாக யூ போல்ட் நட்டுகளைக் குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி, நான்கிலும் வெளியே தெரியும் மரை ஒரே அளவாக இருக்கும்படி முறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கியபின் மறுபடியும் முழு இறுக்கம் கொடுங்கள். நட்டின் மேலும் பிளேட்டின் மேலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிட்டால், நட்டு நகர்ந்ததா என்பதை அடுத்த நிறுத்தத்தில் குனிந்து பார்த்தாலே தெரியும்.

ஊர்ந்து செல்லும் முறை

தற்காலிகமாகக் கட்டிய எதையும் மணிக்கு 15, 20 கிலோமீட்டருக்கு மேல் நம்பக் கூடாது. கூரையின் மேலுள்ள சுமையை முதலில் இறக்குங்கள். தண்ணீர்க் கேன், டீசல் கேன் ஆகியவற்றை உடைந்த மூலைக்கு எதிர்மூலைக்கு மாற்றுங்கள். குழியைத் தவிர்க்க முடியாத இடத்தில் நல்ல பக்கத்துச் சக்கரம் குழியில் இறங்கட்டும். பிரேக்கை முன்கூட்டியே, இதமாக அழுத்த வேண்டும். இறக்கத்தில் முதல் கியரின் பிடிப்பே பெரும்பகுதி வேலையைச் செய்யட்டும். புறப்பட்டு அரை கிலோமீட்டரில் ஒரு முறை, பிறகு இரண்டில், ஐந்தில், அதன் பிறகு பத்துக்கொரு முறை இறங்கிக் கட்டுகளையும் டயரின் உட்பக்கத்தையும் பிரேக் ஹோஸையும் பார்க்க வேண்டும். பாங்கைத் தாண்டிய மோரே சமவெளியில் ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குச் சாலை நேராகப் போகும். அங்கேதான் வேகம் கூட்டும் ஆசை வரும், அங்கேதான் கட்டு அவிழும்.

வண்டியை விட்டுவைக்க நேர்ந்தால்

இந்த வழியில் நீண்ட தூரத்துக்கு அலைபேசித் தொடர்பு கிடைக்காது. கிடைக்கும் இடத்திலும், தமிழ்நாட்டில் வாங்கிய பிரீபெய்டு சிம், சர்ச்சுவைத் தாண்டி லடாக்குக்குள் நுழைந்ததும் இயங்காது; குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கட்டும். வெளிநாட்டுப் பயணிகளைப் பார்த்து சாட்டிலைட் போன் கொண்டுபோகலாம் என்று எண்ண வேண்டாம். அனுமதியின்றி அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். செய்தியை லாரி ஓட்டுநரிடம் எழுதிக் கொடுத்தனுப்புவதே நம்பகமான வழி: வண்டி எண், நிற்கும் இடத்துக்கு அருகிலுள்ள மைல்கல்லின் எண், உடைந்த பாகம், எத்தனை பேர் என்ற நான்கும் தாளில் இருந்தால் போதும். பேச்சு இந்தியில்தான் நடக்கும். பட்டைக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘கமானி’, ஷாக் அப்சார்பருக்கு ‘ஷாக்கர்’. இந்த இரண்டு சொற்கள் தெரிந்திருந்தால் பாதி விளக்கம் மிச்சம்.

கயிறு கட்டி இழுத்துக் கணவாய் இறங்குவதற்கு யார் முன்வந்தாலும் மறுத்துவிடுங்கள். காலியாகத் திரும்பும் லாரியைச் சாலையோர மண்மேட்டோடு பின்புறமாக ஒட்டி நிறுத்தச் சொல்லி, பலகை போட்டு வண்டியை அதில் ஏற்றிக்கொண்டு போவது இந்தப் பக்கத்தில் வழக்கமாக நடப்பது. கூலியை ஏற்றுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். இரவு தங்க நேர்ந்தால் பாங், சர்ச்சு ஆகிய இடங்களிலுள்ள கூடாரங்களுக்குப் போய்விடுவது நல்லது. வண்டிக்குள் தூங்க வேண்டிய கட்டாயம் வந்தால் குளிருக்காக இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்காதீர்கள். புகை உள்ளே தேங்கினால் எழுந்திருக்க மாட்டீர்கள்.

பெட்டியில் இருக்க வேண்டியவை

சென்டர் போல்ட் இரண்டு, யூ போல்ட் ஒரு ஜோடி நட்டுகளோடு, ஜி கிளாம்ப் இரண்டு, பாட்டில் ஜாக்கி ஒன்று கூடுதலாக, ராட்செட் பட்டா இரண்டு, கட்டுக்கம்பி, முன்சொன்ன மரக்கட்டைகள், ஒரு குட்டைக் கடப்பாரை. இவை அனைத்தும் சேர்ந்தாலும் ஒரு ஸ்டெப்னியின் எடை வராது. கருவிகளை வாங்கியதோடு நிறுத்தாமல், உங்கள் வண்டியின் யூ போல்ட் நட்டில் உங்கள் ஸ்பேனர் உட்காருகிறதா என்று வீட்டு வாசலிலேயே பொருத்திப் பாருங்கள். எங்களுடையது முதலில் உட்காரவில்லை, பாங்கிலிருந்து வந்த டேங்கர் ஓட்டுநர் தந்த ரிங் ஸ்பேனர்தான் அன்று வேலை செய்தது.

லே சேர்ந்ததும் இரண்டு பக்கத்து யூ போல்ட்டுகளையும் புதிதாக மாற்றி, அலைன்மென்ட் பார்த்து, பிரேக் ஹோஸில் உரசல் உண்டா என்று சோதிக்கச் சொல்லுங்கள். முறிந்த துண்டைத் தூக்கி எறியாமல் அதன் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். ஒரே அடியில் முறிந்த இரும்பின் முகம் முழுதும் வெள்ளியாக மின்னும். நாட்பட விரிந்த விரிசலாக இருந்தால் ஒரு பகுதி கறுத்துத் துருவேறியிருக்கும். எங்கள் போல்ட்டின் முகத்தில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பு, ஓரத்தில் பிறைபோல ஒரு கீற்று மட்டும் பளபளப்பு. அந்தக் கறுப்பு லாச்சுலுங் லாவில் உண்டானதல்ல. சென்னையிலிருந்து மணாலி வரை 2,500 கிலோமீட்டருக்கு மேல், தளர்ந்த யூ போல்ட்டுகளோடு நாங்கள் நிம்மதியாக ஓட்டிவந்த வழியெல்லாம் உண்டானது.